பதினெட்டாம் நம்பர் மாட்டின் உண்ணிகள்

அத்தியாயம் 9

கௌதமன் மேஜைமேல் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வைத்தான். இரண்டிலும் பாதிவரை ஸ்பிரிட். அடியில் மாட்டு உண்ணிகள் கிடந்தன.

“எம் பொண்டாட்டி வண்டிய நேத்துத்தானுங்க போலீஸ் ஸ்டேசன்ல குடுத்தாங்க. சீட்டைத் தூக்குனா இது இருந்துச்சு. துணியில சுத்தி வெச்சிருக்கறா. அதனாலதான் உடையல.”

ஹாரிகா குப்பிகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையின் மேல்மாடிதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். நாற்பத்தொரு வயது. அலுவலகம் தொடங்குவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, செத்த மாடு நிஜமாகவே செத்ததா, செத்தது அந்த மாடுதானா என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தவள். உதவியாளர் ஜெரோமுக்கு ஐம்பத்திரண்டு. கல்யாண போட்டோகிராபராக இருந்தவர். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு தொழிலை மாற்றிக்கொண்டார். வாயை மாற்றிக்கொள்ளவில்லை.

“இத்தனை வருசம் செத்த மாட்டைப் பாத்தீங்க. இப்ப மாட்டு மேல செத்ததையும் பாக்கறீங்க. பிரமோஷன்தான் மேடம்,” என்றார்.

கௌதமன் சிரிக்கவில்லை. ஜெரோம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார்.

கௌதமன் சோமனூரில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்பவன். அவன் மனைவி லோகப்பிரியா மாட்டு டாக்டர். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் ஆய்வு மையத்தில், உண்ணிக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே மொடக்காம்பாளையத்திலும் சுற்று ஊர்களிலும் நாற்பது மாடுகளைத் தேர்ந்தெடுத்து, ஜனவரியில் பாதி மாடுகளுக்கு நிஜ ஊசியும் மீதிக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசியும் போட்டாள். காதில் மாட்டிய மஞ்சள் வில்லையின் நம்பர்தான் அடையாளம். ஏப்ரலில், ஊசி வேலை செய்கிறது என்று அறிக்கை கொடுத்தாள்.

மே மாதம் சரிபார்க்க ஒரு குழு போனது. நான்கு மாடுகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அதில் பதினேழாம் நம்பர் மாட்டின் ரத்தத்தில் ஊசி போட்ட சுவடே இல்லை. அதன்மேல் இருந்த உண்ணிகளும் கொழுத்து முட்டையிட்டன. போடாத ஊசியைப் போட்டதாக எழுதிவிட்டாள் என்று லோகப்பிரியாவை சஸ்பெண்ட் செய்தார்கள். கிராமங்களின் பக்கமே போகக் கூடாது என்றும் உத்தரவு.

ஜூன் இருபத்தேழாம் தேதி சாயங்காலம், மேட்டுப்பாளையம் ரோட்டில், தூறலில் அவள் ஸ்கூட்டர் சறுக்கி, பாக்கு மூட்டையோடு நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. அதில் இறந்துபோனாள். முப்பத்துநான்கு வயது. துக்கத்துக்கு வந்தவர்களே வாசலில் நின்றுகொண்டு, மனசு உறுத்தி அவளாகத்தான் போய் மோதியிருப்பாள் என்று பேசினார்கள். அது உள்ளே இருந்த கௌதமனின் காதில் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து அவன் ஹாரிகாவிடம் வந்து கேட்டவை இரண்டே கேள்விகள். அவள் பொய் எழுதினாளா? அவளாகப் போய் மோதினாளா?

ஹாரிகாவும் ஜெரோமும் ஒரு வாரமாக அலைந்தும் ஆய்வு மையத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. முடிந்த விவகாரம் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது இந்தக் குப்பிகள் வந்திருக்கின்றன.

இரண்டிலும் லோகப்பிரியாவின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. தேதி, ஜூன் 27. ஒன்றில் 17 என்ற நம்பர், மற்றதில் 18. பதினேழாம் குப்பியின் உண்ணிகள் ஈய நிறத்தில் ஆமணக்குக் கொட்டை அளவுக்கு உருண்டு திரண்டிருந்தன. பதினெட்டில் இருந்தவை செங்கல் நிறத்தில் சுருங்கியிருந்தன. அதன் ஸ்பிரிட்டே டீத்தண்ணி நிறமாக மாறியிருந்தது.

“அவங்க கடைசியா எங்க போனாங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு,” என்றாள் ஹாரிகா.

லோகப்பிரியாவோடு வேலை பார்த்த லேப் டெக்னீஷியன் நாகூர் மீரான், அலுவலகத்தில் பேச முடியாது என்று அவர்களை ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னான். ஹாரிகா பதினெட்டாம் குப்பியை மேஜைமேல் வைத்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

பிறகு நிதானமாக விளக்கினான். உண்ணி உறிஞ்சும் ரத்தம் அதன் குடலில் அப்படியே தேங்கி நிற்கும். குடல் சுவரில் இருக்கும் செல்கள் அதைத் துளித் துளியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தை வெட்டிச் செரிக்கிற புரதங்கள் அந்த செல்களுக்குள்ளே இருக்கின்றன. அவசரமே கிடையாது. வாரக்கணக்கில், சில ஜாதி உண்ணிகளில் மாதக்கணக்கில் அந்த வேலை நடக்கும். லோகப்பிரியா கையில் எடுத்தது, குடல் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தை. அதையே ஊசியாகப் போட்டால், மாட்டின் உடம்பு அதை எதிரி என்று எண்ணி, எதிர்ப்பைத் தயாரித்து ரத்தத்தில் வைத்துக்கொள்ளும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் உண்ணி எதிர்ப்பையும் சேர்த்துக் குடிக்கும். அதன் குடல் சுவர் அரித்துப்போய், குடித்த ரத்தம் உடம்பெங்கும் கசியும். உண்ணி சிவந்து சுருங்கி, முட்டை வைக்காமல் சாகும்.

“குடிச்சே குடல் ஓட்டையாகிச் சாகறவங்க எங்க தெருவுல நாலு பேர் இருக்காங்க தம்பி. அவங்களுக்கு ஊசியே தேவைப்படல,” என்றார் ஜெரோம்.

மீரான் லேசாகச் சிரித்தான். உடனே அவன் முகம் மாறியது. லோகப்பிரியா மேடம் இருந்திருந்தால் இந்த நிறத்தைப் பார்த்து ஆய்வகத்துக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பார் என்றான். ஆனால் அவனுக்கு ஒன்று புரியவில்லை. சிவப்பு உண்ணி ஊசி போட்ட மாட்டின்மேல்தான் இருக்க முடியும். பட்டியல்படி ஊசி போட்டது பதினேழுக்கு. பதினெட்டுக்குப் போட்டது உப்புத்தண்ணி. சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாரோ?

வேறொரு வழியும் இருக்கிறது என்றார் ஜெரோம் தயக்கத்தோடு. மாட்டிக்கொண்டவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தானே ஒரு சாட்சியைத் தயார் செய்திருக்கலாம்.

ஹாரிகா தலையசைத்து மறுத்தாள்.

“பொய்ச் சாட்சி தயார் பண்றவங்க செவப்பு உண்ணி மேல பதினேழுன்னு எழுதுவாங்க அண்ணா. அப்பத்தானே ஊசி போட்டதா நம்புவாங்க? பதினெட்டுன்னு எழுதினா இவங்களுக்குத் துளிகூடப் பிரயோசனம் இல்லை. தனக்கு உதவாத நம்பரை ஒருத்தர் எழுதறாங்கன்னா, கண்ணால பாத்ததை எழுதறாங்கன்னு அர்த்தம்.”

ஜெரோம் பில்லைக் கொடுக்க எழுந்தார்.

கிளம்பும்போது மீரான் தன் செல்போனில் இருந்த ஜனவரி மாதப் பதிவேட்டின் படத்தைக் காட்டினான். பதினேழு, பதினெட்டு இரண்டும் வேலுமணி என்பவரின் மாடுகள். ஒரே தாய்க்குப் பிறந்த ஜெர்சிக் கலப்பு. ஒரே செவலை நிறம். பதினேழு நாலு மாதச் சினை. பதினெட்டு சினை இல்லை.

மறுநாள் காலை ஜெரோமின் பழைய மாருதி வேன் காரமடையைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் இறங்கியது. தோப்பின் ஓரத்தில் தகரம் வேய்ந்த கொட்டகை. வேலுமணி சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். தோட்டத்தில் பாக்கு உரிக்கும் வேலை. விரல்களெல்லாம் கறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, வாங்க வாங்க என்று கட்டிலைத் துடைத்துப் போட்டார். லோகப்பிரியாவின் பேரை ஹாரிகா சொன்னதும் கையில் இருந்த அரிவாளைக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார். அந்தம்மா ஜனவரியில் வந்தது, அதற்குப் பின் எதுவும் தெரியாது என்றார்.

கொட்டகையில் இரண்டு மாடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நிறம், கொம்பு, உயரம், எதிலும் வித்தியாசம் சொல்ல முடியாது. காதில் மஞ்சள் வில்லை. ஒன்றில் 17, ஒன்றில் 18. ஒன்றரை மாதக் கன்று ஒன்று, பதினெட்டாம் நம்பர் மாட்டின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாடு திரும்பி அதன் முதுகை நக்கிக் கொடுத்தது.

ஜெரோம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேடம், சினையா இருந்தது பதினேழுதானே? கன்னுக்குட்டிக்கு நம்பர் படிக்கத் தெரியாது போல.”

ஹாரிகா ஏற்கெனவே மாட்டின் காதைப் பிடித்திருந்தாள். உயிரோடு இருக்கும் மாட்டின் வில்லையை எடுத்துச் செத்த மாட்டுக்கு மாட்டும் வித்தையை அவள் பன்னிரண்டு வருடமாகப் பார்த்தவள். வில்லையைக் காதில் ஒருமுறை மாட்டினால் அறுக்காமல் எடுக்க முடியாது. அறுத்ததை மறுபடி ஒட்ட, சூட்டுக்கோலால் காம்பை உருக்குவார்கள். இங்கேயும் காம்பில் பழுப்பாக ஒரு முடிச்சு தெரிந்தது. பதினேழாம் வில்லையிலும் அதே முடிச்சு.

அவள் காதை விட்டாள். வேலுமணியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மே மாதம் குழு வருவதற்கு முந்தின நாள் அவருக்கு போன் வந்திருக்கிறது. பதினேழாம் நம்பர் மாட்டைக் கட்டி வையுங்கள், ரத்தம் எடுக்க வருகிறோம் என்று. அப்போது அது எட்டு மாதம் தாண்டிய சினை. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு முகாமில் ரத்தம் எடுத்த மூன்றாம் நாள் இதே மாடு குறைமாதத்திலேயே கன்றை விசிறிவிட்டது. ரத்தம் எடுத்ததனால்தானா என்று அவருக்குத் தெரியாது. மாடு நாலு நாள் தண்ணிகூடக் குடிக்காமல், கன்று விழுந்த இடத்தையே முகர்ந்துகொண்டிருந்தது மட்டும் தெரியும். அதை மறுபடி பார்க்க அவரால் முடியாது. ராவோடு ராவாக வில்லைகளை மாற்றிவிட்டார். குழு பதினேழு என்று நினைத்து, உப்புத்தண்ணி போட்ட தங்கச்சி மாட்டுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனது.

“அதனால ஒருத்தருக்கு வேலை போகும்னு எனக்குத் தெரியாதுங்க. மாட்டுக்குத்தானே நம்பருன்னு நெனச்சுபோட்டனுங்க.”

ஜெரோம் மெதுவாகக் கேட்டார். “அந்தம்மா ஜூன் மாசம் இங்க வந்தாங்களா?”

“வந்தாங்க.”

 அவர் சொல்ல ஆரம்பித்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு லோகப்பிரியா தனியாக வந்திருக்கிறாள். மெலிந்துபோயிருந்தாள். பதினேழாம் மாட்டின் மடிக்கடியில் உண்ணி பொறுக்கினாள். அப்புறம் பதினெட்டின் அடிவயிற்றுக்குக் கீழே கை விட்டாள். கையை வெளியே எடுத்தவள், உள்ளங்கையில் இருந்த சிவப்பு உண்ணிகளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்புறம் கன்றைப் பார்த்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அண்ணா, வில்லைய மாத்துனீங்களா?

வேலுமணி அவள் காலில் விழப் போனார். அவள் விடவில்லை. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

“ஏனுங்கண்ணா, ரத்தம் எடுத்தா கன்னுக்கு ஆகுமான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்கன்னாங்க. அவ்வளவுதானுங்க. திட்டக்கூட இல்லீங்க. எம் பேரு வெளிய வந்துருமான்னு கேட்டனுங்க. வராதுங்ண்ணா, பதினெட்டோட ரத்தத்தையும் எடுத்துப் பாருங்கன்னு மட்டும் சொல்றேன், யாரு மாத்துனாங்கன்னு அவங்களுக்கு எதுக்குன்னாங்க.”

ஹாரிகா அன்றைக்கு முதல்முறையாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் என்ன செய்தாள் என்று கேட்டாள்.

கன்றைத் தடவிக் கொடுத்தாள். மோர் வாங்கிக் குடித்தாள். அதற்குள் தூறல் பிடித்துவிட்டது. மழை விட்டதும் போகலாம் கண்ணு என்று வேலுமணி எவ்வளவோ சொன்னார். அவளால் இருக்க முடியவில்லை.

“ஊட்டுக்காரர்கிட்ட சொல்லோணும்னாங்க. போன் போட்டுச் சொல்லிப்போட்டு, மழை நின்னு போங்கன்னு சொன்னனுங்க. இல்லீங்ண்ணா, இதைய அவரு மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லோணும்னாங்க.”

தோப்புக்குள் யாரோ பாக்குக் குலையை வெட்டி இறக்கும் சத்தம் கேட்டது. ஹாரிகா, நாற்பது நாளாக இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“யாரும் வந்து கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லிப்போட்டிருப்பனுங்க,” என்றார் வேலுமணி. பிறகு தலையை ஆட்டினார். “இல்லீங்க. சொல்லியிருக்க மாட்டேன். பயந்துட்டுத்தான் இருந்திருப்பேன். பேப்பர்ல அவங்க படத்தைப் பாத்துப்போட்டு, கன்னுக்குட்டி கத்துனாக்கூட என்னால ஊட்டுக்குள்ள உக்கார முடியலீங்க.”

அவர் எழுந்து முகம் கழுவி, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆய்வு மையத்துக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். பேர் வராது என்று சொன்ன ஆளே இல்லை, இனிமேல் என் பேர் வந்தால் என்ன என்றார்.  வேனில் கோயம்புத்தூர் வருவதற்குள் ஜெரோம் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் கியரை மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

அங்கே வேலுமணி சொன்னதைக் கேட்டு, நாகூர் மீரான் அன்றைக்கே டாக்டர்களோடு மொடக்காம்பாளையம் போய்ப் பதினெட்டாம் நம்பர் மாட்டுக்கு ரத்தம் எடுத்தான். மூன்றாம் நாள் முடிவு வந்தது. லோகப்பிரியா போட்ட ஊசி உண்டாக்கிய எதிர்ப்பு அந்த ரத்தத்தில் அப்படியே இருந்தது.

ஹாரிகாவும் ஜெரோமும் சோமனூர் போனபோது எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பேசுவது கௌதமனுக்குக் கேட்கவில்லை. அவன் ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினான். எட்டாவது தறியும் நின்ற பிறகு, பாவு நூலைப் பிடித்தபடி அங்கேயே நின்று கேட்டான்.

அவள் எதையும் மறைக்கவில்லை. வில்லை மாறியது, கன்று, சிவப்பு உண்ணி, தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தது, மோர் குடித்தது எல்லாவற்றையும் சொன்னாள். லோகப்பிரியா பொய் எழுதவில்லை. அவளாகப் போய் மோதவும் இல்லை. வீட்டுக்கு வருகிற அவசரத்தில் வந்திருக்கிறாள்.

“போன்ல ஏன் சொல்லலீங்களாமா?”

“உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லோணும்னாங்களாம்.”

அவன் முகத்தில் ஆறுதல் வரும் என்று ஜெரோம் எதிர்பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. கௌதமன் நூலில் இல்லாத ஒரு முடிச்சைத் தேடுபவன் போல விரலை ஓட்டிக்கொண்டே இருந்தான்.

“அன்னிக்குக் காத்தால என்னையும் கூப்பிட்டாளுங்க. ஒரெட்டு மாட்டைப் பாத்துட்டு வந்தர்லாம், கூட வாங்கன்னா. நீ ஊசி போட்டிருந்தா எதுக்குப் போய்ப் பாக்கோணும்னு கேட்டுப்போட்டனுங்க.”

அவன் பாவு நூலை விட்டான்.

“ஆபீஸ்ல அத்தனை பேரு கேட்டப்பவும் அவ பதில் சொன்னாளுங்க. நான் கேட்டப்ப ஒண்ணுமே சொல்லலீங்க. செருப்பைப் போட்டுட்டு வாசப்படியில கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் போயிட்டா.” அவன் குரல் உயரவில்லை. “அவ தப்புப் பண்ணியிருந்தா நான் கேட்டதுலயும் ஒரு நாயம் இருந்திருக்குமுங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தனோ என்னமோ, தெரியலீங்க.”

 ஜெரோம் போய் அவன் பக்கத்தில் நின்றார். தோளில் கை வைக்கவில்லை. வெறுமனே நின்றார்.

பத்து நாள் கழித்து கௌதமன் கணபதிக்கு வந்தான். கையில் ஆய்வு மையத்தில் இருந்து வந்த பதிவுத் தபால். ஹாரிகா வாங்கிப் படித்தாள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று தெரியவந்ததால் சஸ்பெண்ட் உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. டாக்டர் லோகப்பிரியா வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பணியில் சேர வேண்டும். வழக்கமான படிவத்தில் பேரையும் தேதியையும் மட்டும் நிரப்பி, யாரோ ஒரு கிளார்க் யோசிக்காமல் அனுப்பியிருந்தார்.

 ஹாரிகா உடனே மீரானுக்கு போன் செய்து கத்தினாள். அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, டைரக்டரே கையெழுத்துப் போட்டு முறையாக வேறு கடிதம் கொடுப்பார், அறிக்கையிலும் லோகப்பிரியா மேடம் பேர் முதலில் வரும் என்றான். அதை அவள் கௌதமனிடம் சொன்னாள்.

“இருக்கட்டுங்க. இதையே வெச்சுக்கறேன்,” என்றான் அவன்.

கடிதத்தை வாங்கி மறுபடி ஒருமுறை அந்த வரியைப் படித்தான்.

“திங்கக்கெழமைன்னா அவளுக்கு ஆகவே ஆகாதுங்க. ஞாயித்துக்கெழமை பொழுது எறங்குனாலே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.”

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தறி ஓடுகிறது, வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.